குடிக்காதவர் ஈரலும் கெடும்: கொழுப்பு ஈரலின் அறிகுறிகளை அறிவோம்



மது நமக்கு ஹராம். அதைத் தொடாமல் வாழ்வது அல்லாஹ் நமக்குச் செய்த பேரருள். ஆனால் அந்த அருளை ஒட்டி ஒரு தவறான நம்பிக்கையும் நம் மஹல்லாக்களில் குடியேறியிருக்கிறது. "நாம்தான் குடிப்பதில்லையே, நமக்கு ஈரல் நோய் எப்படி வரும்?" என்பதே அது.

இந்த நம்பிக்கையால் இரண்டு கெடுதல்கள் உண்டாகின்றன. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தாலும், "அது குடிகாரர்களுக்கு வருவது" என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். இது முதல் கெடுதல். தொழுகையாளியான ஒருவருக்கு ஈரல் பழுதாகி வயிறு வீங்கிவிட்டால், "மறைவில் குடித்திருப்பாரோ?" என்று ஊர் பேசுகிறது. இது இரண்டாவது. முதலாவது உடலைக் கெடுக்கிறது, இரண்டாவது மானத்தைக் கெடுக்கிறது. இரண்டிலிருந்தும் தப்ப, இந்த நோயின் அடையாளங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரல் என்னும் அமானிதம்

வலது பக்க விலா எலும்புகளுக்கு அடியில், சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது நம் ஈரல். நாம் உண்ட உணவின் சத்துகள் குடலிலிருந்து இரத்தத்தின் வழியாக முதலில் அங்குதான் போய்ச் சேர்கின்றன. சர்க்கரையைச் சேமிப்பது, பித்தநீர் சுரப்பது, இரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தயாரிப்பது, நச்சை முறிப்பது என்று இரவும் பகலும் அதற்கு வேலை உண்டு.

கசாப்புக் கடையில் ஆட்டு ஈரல் வாங்குபவர்களுக்கு நல்ல ஈரலின் நிறம் தெரியும். கருஞ்சிவப்பாக, பளபளவென்று இருக்கும். மனித ஈரலில் கொழுப்பு நிறையும்போது அது வெளிறி, மஞ்சள் பூத்து, பெரிதாகிவிடும். ஈரலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அதைக் கொழுப்பு ஈரல் என்கிறார்கள்.

அந்தக் கொழுப்பு வெறுமனே தங்கியிருக்கும்வரை ஆபத்து குறைவு. சிலருக்கு அது புண்ணாகி அழற்சியாகிறது. அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு மேல் தழும்பாக ஏறி ஈரல் இறுகிச் சுருங்குவதையே ஈரல் சுருக்கம் என்கிறோம். டாக்டர்கள் சிரோசிஸ் என்பார்கள். அதற்குப் பிறகு புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எல்லோருக்கும் இந்தக் கடைசிப் படி வருவதில்லை, சிறு பங்கினருக்கே வருகிறது. அந்தச் சிறு பங்கில் நாம் இருக்கிறோமா என்பதைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும்.

குடிக்காதவருக்கு ஏன் வருகிறது?

1980-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஜுர்கன் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய ஈரல் திசுவைப் பார்த்தால் குடிகாரரின் ஈரல் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பழக்கம் இல்லாதவர்கள். பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். பலருக்குச் சர்க்கரை நோயோ பித்தப்பைக் கல்லோ இருந்தது. அந்த நோய்க்கு அன்றுவரை ஒரு பெயர்கூட இல்லை. "நான் குடிப்பதில்லை டாக்டர்" என்று சொன்னவரை நம்பாமல் பார்த்த பார்வைக்கு அந்த ஆய்வு ஒரு பதிலாக அமைந்தது.

இந்த நோயின் வேர் இன்சுலினில் இருக்கிறது. வயிற்றுக்குள் கொழுப்பு கூடும்போது உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. உடற்கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வருகிறது. தேவைக்கு மேல் உண்ட சர்க்கரையையும் மாவுச்சத்தையும் ஈரல் தானே கொழுப்பாக மாற்றுகிறது. ஆக, நாம் எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு சர்பத்தையும் பரோட்டாவையும் தொடர்ந்தால் ஈரலுக்கு நிம்மதி கிடைக்காது.

நம் நாட்டில் இது எவ்வளவு பரவியிருக்கிறது? சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. அதில் பார்க்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கு மேல், 54.5 சதவீதம். இந்திய ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்து 2022-ல் வெளியான கணக்குப்படி, பெரியவர்களில் 38.6 சதவீதம், குழந்தைகளில் 35.4 சதவீதம். பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மேல்! நம் பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பில் முப்பது பேர் நின்றால் அதில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், கொழுப்பு ஈரல் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் உடல் எடைக் குறியீடு 25-க்குக் கீழே இருந்தது. பார்வைக்கு ஒல்லியான உழைப்பாளி மக்கள் அவர்கள். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயல் வேலை செய்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். அப்பா செய்த நடவையும் அறுப்பையும் இன்று இயந்திரம் செய்கிறது. சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவாகவே இருக்கிறது.

ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது

இந்தப் பாடத்தின் மையமே இதுதான். ஈரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்பு இல்லை. அதை மூடியிருக்கும் உறையில் மட்டுமே உண்டு. அதனால் கொழுப்பு சேரும்போது ஈரல் புகார் சொல்வதில்லை. "வலித்தால் பார்த்துக்கொள்வோம்" என்று காத்திருப்பவர் பல வருடங்கள் காத்திருப்பார்.

சிலருக்கு மட்டும் இரண்டு மெல்லிய அடையாளங்கள் தெரியும்.

ஒன்று, காரணமில்லாத அசதி. நன்றாகத் தூங்கி எழுந்தும் உடம்பு கனக்கும்.

இரண்டு, வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், லேசான இழுப்பு. ஈரல் பெரிதாகி உறையை இழுப்பதால் இது வரும்.

இவற்றையும் நாம் "வாயு" என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதே நேரம், வலது பக்கம் வலித்தாலே கொழுப்பு ஈரல் என்றும் முடிவு கட்டக் கூடாது. சாப்பிட்ட பின் வலது மேல் வயிற்றில் சுருட்டிப் பிடித்து, முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எதுவானாலும் டாக்டர் பார்க்கட்டும்.

ஈரல் பேசாவிட்டாலும் உடம்பு பேசும்

ஈரலில் அறிகுறி இல்லாவிட்டாலும், அது யாருக்கு வரக்கூடும் என்பதைக் காட்டும் அடையாளங்கள் வெளியே உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் இவற்றைப் பாருங்கள்.

1. இடுப்புச் சுற்றளவு. தையற்காரரின் இஞ்ச் டேப் போதும். மூச்சை விட்ட நிலையில், விலா எலும்பின் கடைசி முனைக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் நம் நாட்டவருக்கான வரம்பு. கைலியின் முடிச்சு தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அதுவும் ஓர் அளவுகோல்தான்.

2. கழுத்துக் கருமை. பிள்ளைகளின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணி போல இருக்கும். அம்மாமார்கள் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்தால் போகாது. உள்ளே இன்சுலின் தடுமாறுவதைத் தோல் வெளியே காட்டுகிறது. அந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

3. சர்க்கரை, இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈரலைப் பார்ப்பது அவசியம். தேசிய அளவில் நடந்து 2023-ல் வெளியான கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது.

4. குறட்டையும் பகல் தூக்கமும். தூக்கத்தில் மூச்சு அடைபடுபவர்களுக்கும் கொழுப்பு ஈரல் கூடுதலாகக் காணப்படுகிறது.

5. பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி. மாதவிலக்குத் தவறும் இளம்பெண்களுக்கு இந்தப் பிரச்சினையும் ஈரல் கொழுப்பும் ஒரே வேரிலிருந்து வரலாம்.

இவை வந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்

ஈரல் இறுகிவிட்ட பிறகு வரும் அறிகுறிகள் வேறு. இவை தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

கண்ணின் வெண்மை மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது. கணுக்காலை அழுத்தினால் குழி விழும் வீக்கம். கை, கால் மெலிந்து வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருப்பது. உள்ளங்கை சிவப்பது, நெஞ்சிலும் தோளிலும் சிலந்திக் கால்கள் போலச் சிவப்பு நரம்புகள் தெரிவது. லேசாக இடித்தாலே கன்றிப் போவது, ஈறில் இரத்தம் வருவது. உடம்பெல்லாம் அரிப்பு. முயற்சி செய்யாமலேயே எடை குறைவது. இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்று அறிகுறிகளுக்கு நேரம் பார்க்கக் கூடாது. இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த, ஒட்டும் மலம், பகலில் தூங்கி இரவில் விழித்து, பேச்சு குழறி, ஆள் மாறிப் போவது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்து "ஏதோ காத்து, கருப்பு அடித்துவிட்டது" என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஈரல் முறிக்காத நச்சு மூளைக்கு ஏறுவதே அதற்குக் காரணம். துஆ செய்யுங்கள், 108 ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு செய்யுங்கள். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இரவு பகலாகத் திறந்திருக்கிறது.

என்ன பரிசோதனை?

முதலில் வயிற்று ஸ்கேன். அதில் 'கிரேடு 1, 2, 3' என்று எழுதுவார்கள். இது கொழுப்பின் அளவைக் காட்டுவது. தழும்பின் அளவைக் காட்டுவதில்லை. கிரேடு 1 என்பதால் அலட்சியமும் வேண்டாம், கிரேடு 3 என்பதால் ஈரல் முடிந்தது என்ற பயமும் வேண்டாம். கொழுப்பு குறைவாக இருக்கும்போது ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்.

அடுத்து இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரண்டு அளவுகள். இவை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டோடு வயதையும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் சேர்த்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். தட்டணுக்களை ஆயிரக் கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் தொகையை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

உதாரணமாக வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். 52-ஐ 48-ஆல் பெருக்கினால் 2,496. 64-இன் வர்க்கமூலம் 8. 180-ஐ 8-ஆல் பெருக்கினால் 1,440. வகுத்தால் 1.73 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு ஆபத்து குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வரம்பு 2. எல்லோருக்கும் 2.67-க்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். இடையில் இருப்பவர்களுக்கு ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். நம் உதாரணத்தில் உள்ளவர் இடையில் இருப்பவர். அவருக்கு வலி இல்லை, மஞ்சள் இல்லை, வீக்கம் இல்லை. கணக்குப் போட்டதால்தான் தெரிந்தது!

கூடவே மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு சர்க்கரை, இதய நோய், புற்றுநோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்பு ஈரலையும் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறார்கள். வருபவர்களிடம் "ஈரலையும் பார்க்க வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மதுரைச் சாப்பாடும் நம் ஈரலும்

'ஜிகர்' என்றால் உருதுவில் ஈரல். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. விளக்குத்தூண் பக்கம் நாம் விரும்பிக் குடிக்கும் ஜிகர்தண்டாவுக்கு ஈரலைக் குளிர்விப்பது என்றே பொருள். சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரைப் பாகு, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம்! பெயர் ஈரலுக்குக் குளிர்ச்சி, வேலையோ ஈரலுக்குப் பாரம். விருந்தாளி வந்த அன்று ஒன்று குடிப்பதில் குற்றமில்லை. தினமும் என்றால்தான் தொல்லை.

டீக்கடையையும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன் சர்க்கரை, ஏறக்குறைய 40 முதல் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. டீயிலேயே இரண்டு நாள் கணக்கு முடிந்துவிட்டது.

தூங்கா நகரத்தில் இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா, சால்னா, கறிதோசை, உடனே படுக்கை. வலீமா வீட்டில் மறுபடி மறுபடி பிரியாணி. நோன்பில் பகலெல்லாம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மஃரிபில் சமோசா, வடை, ரோஸ்மில்க். நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதுமான இடத்தில் நாம் கடையையே விரிக்கிறோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

என்ன செய்யலாம்? 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 கிலோ குறைத்தால் அழற்சி தணிய வாய்ப்புண்டு. 8 கிலோ குறைத்தால் தழும்புகூட ஆறக்கூடும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கக் கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப் போனால் ஒரு கிலோ போதும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ கோழியோ இருக்கட்டும். குளிர்பானம் வேண்டாம். சர்க்கரை போடாத காபி ஈரலுக்குக் கெடுதல் செய்வதில்லை; நன்மை செய்வதாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை வேண்டும். ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் பள்ளிவாசலுக்குப் பைக்கில் வருபவர்களே! ஐந்து வேளையும் நடந்து வந்து நடந்து போனால் நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம் தானாகச் சேர்ந்துவிடும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவையும் நோன்பையும் மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரலுக்கு 'சூரணம்' வேண்டுமா?

'ஈரலைச் சுத்தம் செய்யும்' பொடிகளும் லேகியங்களும் வாட்ஸ்அப்பில் விற்பனைக்கு வருகின்றன. ஈரலே உடம்பைச் சுத்தம் செய்யும் உறுப்பு. அதைக் கழுவ ஒரு பொடி தேவையில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். இயற்கை மருந்து என்பதால் ஈரலுக்கு வலிக்காது என்பதில்லை. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுபோல, உங்கள் விருப்பத்துக்கு டாக்டர் எழுதிய மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் அதிகம் பேரின் உயிரை எடுப்பது இதய நோய். சர்க்கரை, அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் கட்டுக்குள் வைப்பதே ஈரலுக்கும் இதயத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

நாவைக் காப்போம்

2023-ல் உலக ஈரல் மருத்துவர் சங்கங்கள் கூடி இந்த நோயின் பெயரையே மாற்றின. 'மது சாராத கொழுப்பு ஈரல்' என்ற பழைய பெயரில் மது என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பு என்ற சொல்லும் நோயாளியைக் குத்துவதாக இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய நோய் என்று பெயர் வைத்தார்கள். நோயாளியின் மனம் நோகக் கூடாது என்று மருத்துவ உலகம் ஒரு பெயரையே மாற்றியிருக்கிறது. தவறான எண்ணமும் புறமும் பாவம் என்று அறிந்த நாம் நம் வார்த்தையை மாற்ற வேண்டாமா?

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, மகளின் நிக்காஹ் முடியட்டும் என்று ரிப்போர்ட்டை மறைத்து வைக்கும் அத்தாமார்கள் இருக்கிறார்கள். நிக்காஹ் முடிவதற்குள் தழும்பு காத்திருக்காது. உங்கள் உறவினர் ஒருவருக்கு ஈரல் கோளாறு என்று கேள்விப்பட்டால், "குடித்தாரா?" என்று கேட்காதீர்கள். "எந்த டாக்டரைப் பார்க்கிறீர்கள், நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். மது அருந்தும் ஒருவருக்கே இந்நோய் வந்தாலும் அவரும் நோயாளிதான். அவருக்கும் மருந்தும் துஆவும் வேண்டும்.

கண்ணியத்திற்குரியவர்களே! ஈரலுக்கு ஒரு சிறப்பு உண்டு. வெட்டினாலும் திரும்ப வளரக்கூடிய உறுப்பு அது. கொழுப்பு ஏறினாலும் நாம் திருந்தினால் அதுவும் திரும்பிவிடும். இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். வீட்டில் அனைவரின் இடுப்பையும் அளப்போம். பீரோவில் மடித்து வைத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வெளியே எடுப்போம். சர்க்கரை உள்ளவர்கள் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "என் ஈரல் எப்படி இருக்கிறது?" என்று வாய் திறந்து கேட்போம்.

நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.